கண்ணாடியில் ஒரு சாண் கடல்

என் வலது கால் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் ஓய்வு பெற்று ஐந்து வருஷம். மற்ற உறுப்புகள் எனக்கு முந்தியே போய்விட்டன. கண் பாதி, பல் முக்கால், மூளை எப்போது போனதென்று வீட்டில் யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. வலது கால் மட்டும் தினமும் வேலைக்குப் போகிறது. பஸ்ஸின் முன் சீட்டில் இருந்தால் தரையை மிதிக்கிறது. ஓட்டோவில் போனால் ஓட்டோக்காரரின் சீட்டை மிதிக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை ஊர்வலத்தின் வீடியோவைப் போட்டார்கள். படத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. எனக்கு முன்னால் பாயில் இருந்த மனிதரின் முதுகை என் கால் மிதித்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்து, "சலீம் காக்காவா, அப்ப சரி," என்றுவிட்டுப் பிரியாணியைத் தின்றார். ஊருக்கு என் காலைத் தெரியும்.

கல்முனையில் ஒரு லேனர்ஸில், ட்ரைவிங் பள்ளிக்கூடத்தில், முப்பது வருஷம் கார் ஓட்டப் பழக்கினேன். பெயர்ப் பலகையில் சாரதிப் பயிற்றுநர் என்று எழுதியிருக்கும். அதை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்தவர்கள். எங்கள் காரில் இடது பக்கச் சீட்டுக்கும் ஒரு பிரேக் பூட்டியிருக்கும். பழக வந்தவர் மிதிக்க மறந்தால் நாங்கள் மிதிக்க வேண்டும். உத்தியோகம் அவ்வளவுதான்.

போன மாதம், இப்போது அங்கே வேலை செய்யும் றிஸ்வான் புதுக் காரைக் காட்ட வீட்டுக்கு வந்தார். கியரும் இல்லை, கிளச்சும் இல்லை. பின்னால் கமரா, முன்னால் சின்னதாக ஒரு ரீவி.

"இனிக் கண்ணாடி பாக்கப் பழக்கிற சோலியே இல்ல காக்கா. பின்னுக்கு உள்ளது எல்லாம் இதில தெரியும்."

"நான் நிண்டா நானும் தெரிவனா?"

"ஓம், வடிவாத் தெரிவீங்க."

"அப்ப அதக் கழட்டிருங்க. ஆக்கள் கார வுட்டுட்டு ஓடிருவாங்க."

அவர் சிரித்தார். பிறகு ஊரில் கேட்ட ஒன்றைக் கேட்டார். "ஒரு ராத்தாவுக்குக் கண்ணாடி பாக்கப் பழக்க, நீங்க பிரேக்க வுட்டுட்டுப் பின் சீட்டில ஏறி இரிந்தீங்களாமே. மெய்யா?"

மெய்தான். ஆனால் அந்தக் கதை ஊரைச் சுற்றிவரும்போது வளர்ந்துவிட்டது. கடைசியாக நான் கேட்டபோது காரின் கூரையில் ஏறி இருந்தேன். இன்னும் வளர்ந்து நான் பறக்க முதல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தினாள். மற்றப் பிழைகள் என்னுடையவை.

நான் இந்த வேலைக்கு வந்தது நெல் ஆலை லொறி ஒன்றில் கிளீனராக இருந்து. லொறியைக் கழுவிக் கழுவி ஓட்டப் பழகினேன். லேனர்ஸ் முதலாளி ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு, மூன்று மாதம் தன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காரைத் தந்தார். தந்து மூன்றாவது கிழமை ஒரு தயிர்க்காரர் வந்தார்.

பழக வந்தவர் ஒரு கொந்தராத்துக்காரர், பெரிய உடம்பு. நான் இடது பக்கம் இருந்து கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தேன். கச்சானை உடைத்து ஊதும்போது கண் மூடும் அல்லவா, அந்த ஒரு கணம். எதிரே சைக்கிளில் தயிர்ச்சட்டி கட்டிக்கொண்டு வயசான ஒருவர் வந்தார். நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்தது ஒரு கச்சான் நேரம் பிந்தி. சைக்கிளின் பின் சக்கரத்தில் கார் தட்டியது. அத்தனை சட்டியும் தார் வீதியில் உடைந்தன. வீதி வெள்ளையாகிவிட்டது. அதன் நடுவே, தாடி முழுக்கத் தயிரோடு, அந்த மனிதர் எழும்பி இருந்து எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"உங்களுக்கு ஒண்டுமில்லையே மனே?"

அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். திட்டு வாங்குவதில் எனக்கு நல்ல பயிற்சி. இந்தக் கேள்விதான் காதால் உள்ளே போய்க் காலில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து காருக்குள் நான் கச்சான் தின்றதில்லை. கால் பிரேக்கைவிட்டு நாலு விரல் தள்ளிப் போனதில்லை.

ஹாஜியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர். கதைப்பது குறைவு. கிழமைக்கு ஒரு தடவை சொல்லாமல் வந்து பின் சீட்டில் ஏறுவார். கையில் தஸ்பீஹ் மணிமாலை, கண் இரண்டும் மூடியிருக்கும். வீதியைப் பார்க்கவே மாட்டார், சத்தத்தைத்தான் கேட்பார். பழகுபவர் கிளச்சைத் தப்பாக விட்டால், மூடிய கண்ணோடு, "அழுவுது மனே," என்பார். பிரேக்கை உதைத்தால், "அதுக்கும் நெஞ்சிரிக்கி," என்பார். பழக வருகிறவர்களை ஒரு நாளும் ஏசமாட்டார். எங்களைத்தான் ஏசுவார். அதையும் தான் ஏசியதாகக் காட்டமாட்டார், கார் முறைப்பாடு சொன்னதாகச் சொல்வார். "கார் சொல்லிச்சி, நீ நேத்து மூணாம் கியரில அவசரப்பட்டியாம்." நானும் காரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் நாள் பழகுபவரை ஓட்ட விடமாட்டார். பக்கத்தில் இருத்தி, ஊரைச் சுற்றிக் காட்டி, கண்டதையெல்லாம் வாயால் சொல்லச் சொல்வார். இரண்டாம் நாள்தான் வலது பக்கம். காரை ஒரு சுற்று நடந்து பார்த்து, பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறி, சீட்டைச் சரி பண்ணி, பிறகு உள்ளே தொங்கும் கண்ணாடியைச் சரி பண்ண வேண்டும். அதில் மட்டும் நாங்கள் கை வைக்கக் கூடாது. "கண்ணாடி ஓட்டுறவன்ட கண். அடுத்தவன்ட கண்ணுல நீ விரல் போடுவியா?" முப்பது வருஷம் நான் எவருடைய கண்ணாடியையும் தொட்டதில்லை. அதனால்தான் ஜெஸீமா ராத்தாவின் விஷயம் எனக்குப் பிந்தி விளங்கியது. இடது பக்கச் சீட்டில் இருக்கிறவனுக்கு, ஓட்டுகிறவரின் கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று தெரியாது.

ஜெஸீமா ராத்தா சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். பழக வந்தபோது ஐம்பது தாண்டியிருந்தார், என்னைவிட இரண்டு மூன்று வயசு மூப்பு. புருஷன் லத்தீப் காக்கா லொறி ஓடியவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் பிசியோவுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒழுங்கையில் உள்ள இளைஞர்கள் இரண்டு பேர் தூக்கி ஓட்டோவில் வைப்பார்கள். முப்பது வருஷம் லொறி ஓடிய மனிதர் நெல் மூட்டை போல் ஏற்றப்படும் அந்த நேரம் கண்ணை மூடிக்கொள்வாராம். மூன்றாம் மாதம், இனிப் போகமாட்டேன் என்று சைகை காட்டிவிட்டார். வாசலில் அவருடைய பழைய கார் நின்றது, பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில், ஓட ஆளில்லை.

"நான் ஓடினா அவர் வருவார் தம்பி," என்றார் ராத்தா முதல் நாளே. "என்ட தோளப் புடிச்சி ஏறுவார். மத்தாக்கள்ற தோளத்தான் புடிக்கமாட்டார். வைத்தியர் சொல்லிட்டார், இந்த வருஷம் வுட்டா மறுகா அந்தக் கால் வராதாம்."

எங்கள் ஊரில் பெண்கள் பழக வந்தால் தனியே வரமாட்டார்கள். பின் சீட்டில் துணைக்கு ஒரு ஆள் இருக்கும். உம்மாவோ மாமியோ, சில நேரம் பக்கத்து வீட்டு ராத்தாவோ. ஒரு வீட்டில் ஆள் கிடைக்காமல் மாமனாரை அனுப்பினார்கள், அவர் கடைசியில் எங்களிடமே லைசன் எடுத்துவிட்டார். ஜெஸீமா ராத்தாவுக்குத் துணை, லத்தீப் காக்காவின் மூத்த சகோதரி பாத்துமுத்து மதினி. கார் புறப்பட்டதும் மூலையில் சரிந்து நித்திரை கொள்வார். நிறுத்தினால் எழும்பி, "முடிஞ்சா?" என்பார். துணையின் வேலை அதோடு சரி.

ராத்தாவின் கை நல்ல கை. ஸ்டியரிங்கைத் தையல் மெஷினைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பார், இழுப்பு உதறல் ஒன்றுமில்லை. ஹாஜியார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் இறங்கிப் போனார். அதுதான் அவருடைய முதலாம் பரிசு. ஆனால் லைசனுக்கு ஓடிக் காட்டும் ட்ரயலில் ராத்தா தோற்றார். பரிசோதகர் தூர ஊர்க்காரர், நிதானமான மனிதர். "பின்னால் பார்ப்பதில்லை," என்று எழுதினார். இரண்டாம் தடவையும் அதையே எழுதினார்.

எனக்கு அது விளங்கவில்லை. நான் பார்க்கத்தானே ராத்தாவின் கண் கண்ணாடிக்கு ஏறி இறங்கியது. இரண்டாம் ட்ரயல் முடிந்து ராத்தா இறங்கிப் போன பிறகு, காரை உள்ளே விட நான் வலது பக்கம் ஏறினேன். பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். காரின் கூரைத் துணி தெரிந்தது. அதில் ஒரு எண்ணெய்க் கறை.

அடுத்த வகுப்பில் கடற்கரை வீதிக்குப் போனோம். எங்கள் ஊர் ஒழுங்கைகள் எல்லாம் கடலில் தொடங்கிப் பெரிய வீதிக்கு ஏறுகின்றன. ஒழுங்கையில் ஏறினால் கடல் நேரே முதுகுக்குப் பின்னால் வரும். ட்ரயலும் அங்கேதான் தொடங்கும். ஒழுங்கை வாசலில் நிறுத்தச் சொன்னேன். மதினி நித்திரை.

"ராத்தா, கண்ணாடியில என்ன தெரியுது?"

"எல்லாம் தெரியுது தம்பி."

"எனக்கு அண்டைக்குக் கூரைதான் தெரிஞ்சிச்சி."

ராத்தா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே இருந்தார். அப்படியே சொன்னார்.

"கடல் வந்த நாள் அவர்ட மோட்டர் சைக்கிள்ள ஏறினன். புள்ளகள் ரெண்டு பேரும் இரிந்தாங்க. உம்மாக்கு இடமில்ல. அடுத்த நடைக்கு வாறம் எண்டார். ஹேண்டில்ல ஒரு சின்னக் கண்ணாடி இரிந்திச்சே, அதில உம்மாவத் தெரிஞ்சிச்சி. வாசல் கடப்படியில நிண்டு கையத் தூக்கினா. போ எண்டாவா, நில்லு எண்டாவா, இண்டைக்கும் எனக்குத் தெரியா. அவக்குப் பின்னுக்குக் கடல் நிண்டிச்சி தம்பி, செவரு மாதிரி."

பிறகு, "கண்ணாடியப் பாத்தா எனக்கு அதுதான் வருது. கூரையப் பாத்தா வரல்ல," என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லும்வரை பக்கத்தில் இருந்தேன்.

அன்றிரவே புத்திசாலியாகிவிட்டேன். எனக்கு வரும் யோசனைகளுக்கு ஒரு குணம் உண்டு, வரும்போது மிக அழகாக இருக்கும். கடல் இல்லாத பக்கம் போனால் என்ன? இறக்காமம் பக்கம், வயலுக்கு நடுவே போகும் வீதிக்குப் போனோம். அங்கே கண்ணாடியில் வயல்தான் தெரியும். ராத்தா கண்ணாடியை இறக்கி வைத்தார். ஆனால் பார்க்கும் நேரம் கண் கூசியதுபோல் முகம் திரும்பிவிடும். கண்ணாடியில் பார்க்கத் தக்க ஏதாவது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஊரிலேயே பார்த்ததும் சிரிப்பு வரும் முகம் எது என்று யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பின் சீட்டுக்கு நான் போனேன். பிரேக் உள்ள சீட்டுக்கு மதினியை மாற்றினேன்.

"மதினி, காலடியில ஒரு பலகை மாதிரி இரிக்கும். அதில கால் வெக்கப்படாது."

"நான் ஏன் வெக்கிறன்? எனக்கு நித்திர வருது."

கார் புறப்பட்டது. நான் பின்னால் நடுவில் இருந்து முகத்தைக் கோணினேன், கண்ணை உருட்டினேன், பொய்ப் பல்லைப் பாதி வெளியே தள்ளிக் காட்டினேன். ராத்தா கண்ணாடியைப் பார்த்தார். சிரித்தார். மறுபடி பார்த்தார். மேலே நான் கோமாளி, கீழே என் கால் வெட்டிய கோழி. பிரேக்கைத் தேடி முன் சீட்டின் முதுகை மிதிக்கிறது, தரையை மிதிக்கிறது. பல வருஷத்துக்கு முந்திய தயிர் அன்றைக்குத்தான் கொட்டியதுபோல் எனக்கு வியர்த்தது. ஒரு எருமை வரம்பிலிருந்து வீதிக்கு ஏறியது. ராத்தா அழகாக வேகத்தைக் குறைத்தார். அந்த அசைவில் மதினி கண் விழித்தார், எருமையைக் கண்டார், இரண்டு காலையும் ஊன்றினார். கார் நின்ற விதத்தைச் சொல்ல முடியாது. முகப்பு ஒரு வேலிக் கட்டையில் சாய்ந்து நின்றது. எருமை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தது.

"நான் ஒண்டும் செய்யல்ல," என்றார் மதினி. "கால வெச்சன், அவ்வளவுதான்."

பின்னேரம் ஹாஜியார் காரைச் சுற்றி நடந்து, முகப்பில் ஒடுங்கிய இடத்தில் ஒரு விரலை வைத்தார்.

"கார் சொல்லுது, நீ பின்னுக்கு இரிந்தியாம்."

"ஓம் ஹாஜியார்."

"ஏன்?"

ராத்தாவின் உம்மாவிலிருந்து எருமை வரை எல்லாம் சொன்னேன். தஸ்பீஹை உருட்டாமல் கேட்டார். எவ்வளவு நேரம் சும்மா நின்றார் என்றால், நான் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டு, அது போதாதென்று காரிடமும் கேட்டுவிட்டேன்.

"உன்ட கால் எங்க இரிக்கோணும் எண்டு அல்லாஹ் ஒரு தயிர்க்காரன அனுப்பிக் காட்டினான். மறந்திட்டியா?"

"இல்ல ஹாஜியார்."

"பின்னுக்கு ஆள் வேணுமெண்டா ஆள மாத்து. நீ மாறாத."

ஊரில் இந்த யோசனையை என்னுடையது என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். ஹாஜியார் மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். இனியும் பொய் சொன்னால் கார்தான் சாட்சி சொல்லும்.

அடுத்த நாள் ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். லத்தீப் காக்கா சாய்மனைக் கதிரையில், சுவரைப் பார்த்தபடி இருந்தார். நோய் வந்தும் உடம்பு குறையவில்லை. கதவை அடைத்து நிற்கிற உடம்பு.

"காக்கா, எங்கட காருக்குப் பின்னுக்கு ஒரு மறைப்பு வேணும். ஊரெல்லாம் தேடிட்டன், உங்களவிட அகலமான ஆள் இல்ல."

ராத்தா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார். காக்கா சுவரை விட்டு என்னைப் பார்த்தார். பிறகு வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அதற்கு முன் அவர் எப்போது சிரித்தார் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லையாம்.

"வா…றன்," என்றார்.

ராத்தாவின் தோளைப் பிடித்து ஏறினார். பின் சீட்டின் நடுவில் இருத்திப் பெல்ட் போட்டோம். பின் கண்ணாடி முழுக்க அவர்தான். ஒழுங்கை வாசலில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, ராத்தா கண்ணாடியைச் சரி பண்ணினார். அதில் லத்தீப் காக்காவின் நெஞ்சும் தாடியும் தெரிந்தன, வேறொன்றும் இல்லை. கார் கிறுகித் திரும்பும்போது அவர் வலது பக்கம் சரிவார். விழுந்துவிட்டாரா என்று ராத்தா பார்த்தே ஆக வேண்டும். பார்த்தால், அவர் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். கியரை மாற்றப் பிந்தினால் பின்னாலிருந்து ஒரு உறுமல் வரும். லொறிக்காரரின் உறுமல். "கேட்டிட்டன், மாத்துறன்," என்பார் ராத்தா.

ஒரு கிழமை அப்படியே ஓடினோம். பிறகு சீட்டில் என் கையால் ஒரு சாண் அளந்து, லத்தீப் காக்காவை இடது பக்கம் அவ்வளவு நகர்த்தினேன். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சாண் கடல் வந்தது. அன்று ராத்தா அந்தப் பக்கம் பார்க்காமல் காக்காவை மட்டும் பார்த்தார். சரி, பார்க்கட்டும். நாலு நாள் கழித்து இன்னொரு சாண். கடலை நாங்கள் கடனுக்குச் சீனி வாங்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எடுத்தோம்.

பாதிக் கடல் வந்த நாள், ஒழுங்கையின் நடுவில் ராத்தாவின் கை நின்றுவிட்டது. கார் ஓடுகிறது, ஓட்ட ஆளில்லை. என் கால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நிறுத்தினேன். ராத்தா நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தார். பின்னாலிருந்து லத்தீப் காக்கா, ஒவ்வொரு சொல்லாகப் பாரம் இறக்குவதுபோல் சொன்னார்:

"ஜெஸீ… அது… தூரக்க… நிக்கிது."

ராத்தா தலையை நிமிர்த்தவில்லை. குனிந்தபடியே என்னிடம் கேட்டார். "தம்பி, உங்கட பொஞ்சாதிக்கும் இப்பிடித்தான் பழக்கினீங்களா?"

பகிடி ஒன்று வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

கல்யாணம் முடித்து இரண்டாம் வருஷம் றஹீமா பழகக் கேட்டாள். எனக்குப் பெருமை. இரண்டு நாள் வயல் வீதியில் ஓட்டினாள். மூன்றாம் நாள், அவள் வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல், சந்தைப் பக்கம் கொண்டு போனேன். நடுச் சந்தியில் கார் நின்றுவிட்டது. பின்னால் ஹோர்ன், முன்னால் மீன் வாங்க வந்த சனம். நான் இறங்கி நின்று சனத்தைப் பார்த்துச் சொன்னேன்: "கார் நல்ல கார்தான். ட்ரைவர்தான் அம்மியில மிளகா அரைக்கிற நெனப்பில இரிக்கா." சந்தியே சிரித்தது. என் வாழ்க்கையில் நான் விட்ட மிக வெற்றியான பகிடி அது. றஹீமா சாவியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை, தேத்தண்ணி தந்தாள். ஓட்டுகிற பக்கச் சீட்டில் மட்டும் பிறகு ஏறவேயில்லை.

அதற்குப் பிறகு பழக வந்த ஒருவரையும் வைத்து நான் பகிடி விட்டதில்லை. எனக்குப் பகிடி வராமல் இருக்காது, அது வியாதி. வந்தால் என்மேல்தான் விடுவேன். சலீம் தன்னைத் தானே நக்கலடிக்கிறான், என்ன அடக்கம் என்று ஊர் சொல்லும். அடக்கமில்லை. அந்தச் சந்தியில் சிரித்த சனத்தின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, அவ்வளவுதான்.

"இப்ப கூப்பிட்டுப் பாருங்களன்," என்றார் ராத்தா.

"கூப்பிட்டுத்தான் இரிக்கன். சிரிக்கிறா."

ராத்தா காரை ஸ்டார்ட் பண்ணினார். அன்று ஒழுங்கை முழுவதும் ஏறினோம்.

அந்த இரண்டு மாதத்தைத்தான் இப்போது அதிகம் நினைக்கிறேன். காலையில் திறந்தால் வெயிலில் காய்ந்த சீட்டின் மணம், பின்னால் காக்காவின் உறுமல், பக்கத்தில் பயத்தோடு ஒரு ஆள் மூன்றாம் கியரைப் போட்டு, அது விழுந்ததும் விடுகிற மூச்சு. அந்த மூச்சை முப்பது வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். வீட்டில் அப்படி ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

மூன்றாம் ட்ரயல் நாள். ட்ரயலுக்குப் பரிசோதகரும் ஓட்டுபவரும் தவிர வேறு ஆள் ஏற முடியாது. லத்தீப் காக்காவைச் சக்கர நாற்காலியில் ஒழுங்கை ஓரத்தில் நிழலுக்கு விட்டேன். பின் சீட்டில் ஒருவருமில்லை. நான் காரின் பின்னால் போய் நின்று, பின் கண்ணாடியூடாகப் பார்த்தேன். உள்ளே தொங்கிய கண்ணாடியில் ராத்தாவின் கண் தெரிந்தது. எனக்கு அவர் தெரிந்தால் அவருக்கு நான் தெரிவேன். எனக்குப் பின்னால் முழுக் கடலும் இருந்தது.

நான் ஒதுங்கினேன்.

கார் ஒழுங்கையில் ஏறிப் பெரிய வீதியில் கிறுகி மறைந்தது. நானும் லத்தீப் காக்காவும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அவருக்கு ஏதேதோ சொன்னேன். அவர் இடது கையை என் கையின்மேல் வைத்தார், வாயை மூடு என்ற அர்த்தத்தில்.

கார் திரும்பி வந்தது. பரிசோதகர் இறங்கி எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "கண்ணாடி நல்லாப் பாக்கிறாங்க. கொஞ்சம் கூடத்தான் பாக்கிறாங்க. பரவாயில்ல," என்றார்.

ராத்தா இன்னும் இறங்கவில்லை. நான் ஜன்னலடிக்குப் போனேன்.

"என்ன தெரிஞ்சிச்சி ராத்தா?"

"கடல்."

"எப்பிடி இரிந்திச்சி?"

"அதிட இடத்திலதான் இரிந்திச்சி." மூச்சை இழுத்துவிட்டார். "உம்மாவும் வந்தா தம்பி. கையத் தூக்கிட்டுத்தான் நிண்டா. இண்டைக்கு எனக்கு, போ எண்டுதான் விளங்கிச்சி."

அடுத்த கிழமையிலிருந்து லத்தீப் காக்காவை அவருடைய பழைய காரில் ராத்தாவே பிசியோவுக்குக் கொண்டு போனார். மனைவியின் தோளைப் பிடித்து ஏறி, தோளைப் பிடித்து இறங்குவார். கால் முழுதாக வரவில்லை, தடியோடு பள்ளிவாசலுக்குப் போகும் அளவுக்கு வந்தது. அவர் மவுத்தாகும்வரை எவரும் அவரைத் தூக்கவில்லை.

ட்ரயல் நாளன்று வீட்டுக்குப் போய் றஹீமாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மதினியின் எருமைக்கு நன்றாகச் சிரித்தாள். லத்தீப் காக்கா சொன்ன நாலு சொல்லுக்கு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்:

"அந்த ராத்தா உம்மாட கதையச் சொன்ன நேரம், நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லல்ல. பக்கத்தில இரிந்தன்."

மீனைப் புரட்டினாள். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக.

"எனக்கும் அண்டைக்குச் சந்தியில அது போதுமே," என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. விலை விசாரிக்கிறவள் மாதிரிச் சொன்னாள். ஊரில் எல்லோருக்கும் கையோடு பதில் வைத்திருக்கிற வாய் இது. அன்றைக்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. சோறு போட்டுத் தந்தாள், தின்றேன். இப்போது நாலைந்து நல்ல பதில் சேர்த்து வைத்திருக்கிறேன். அவள் மவுத்தாகி மூன்று வருஷம்.